ஆறுதலாகப் போங்கோ: யாழ்ப்பாணக் கரையோரத்தில் வீட்டு விடுதிகளில் தங்கி ஒரு பயணம்

ஊருக்கு வருகிறவர்களில் பலர் யாழ் நகரில் ஒரு ஹோட்டலில் பெட்டியை வைத்துவிட்டு, வான் பிடித்து, நயினாதீவு, கீரிமலை, சந்நிதி, பருத்தித்துறை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கடைசியில் நினைவில் நிற்பது வானின் ஏசி மட்டும்தான். என்னுடைய யோசனை வேறு. கரையோரமாக மூன்று வீடுகளைப் பிடியுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இரவாவது தங்குங்கள்.

முதல் வீடு வேலணைப் பக்கம் இருக்கட்டும். பண்ணைப் பாலத்தால் பின்னேரம் போங்கள். இரண்டு பக்கமும் இடுப்பளவுத் தண்ணீர், அதற்குள் வரிசையாக நட்ட களங்கண்டித் தடிகள், மீன் பிடிக்கும் கூடுகள். மீனோ இறாலோ கூட்டுக்குள் வந்திருக்கிறதா என்று ஆட்கள் நடந்தே போய்ப் பார்ப்பார்கள். அங்கே நிறுத்திக் கால் மணித்தியாலம் நின்றால் தப்பில்லை. சாட்டிக் கடற்கரையில் பிள்ளைகள் குளிக்கலாம். அடுத்த நாள் காலை குறிகட்டுவானுக்குப் போய் நயினாதீவுக்குப் படகு எடுங்கள். நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் படகு, ஆனால் கடலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். திரும்பும் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வையுங்கள்.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடலைக் கடக்கும் பாதைப் படகு ஓடுகிறதா என்று வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். ஓடினால் வழியில் கடற்கோட்டை கிட்டத்தில் தெரியும். ஓடாவிட்டால் நகருக்குத் திரும்பி, வட்டுக்கோட்டை, பொன்னாலை வழியாகப் போகலாம். காரைநகரின் கசூரினா கடற்கரை ஆழமில்லாதது, அலையும் குறைவு. சனி, ஞாயிறில் சனம் அதிகம், வார நாளில் போனால் நல்லது.

பொன்னாலையிலிருந்து திருவடிநிலை, மாதகல், சம்பில்துறை வழியாகக் கீரிமலைக்குப் போகும் பாதைதான் எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த துண்டு. கடல் பக்கத்திலேயே வரும், வாகனமும் குறைவு. இரண்டாவது வீட்டைக் கீரிமலை, மாவிட்டபுரம் பக்கம் பாருங்கள். கேணியில் விடியற்காலையில் இறங்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல், இந்தப் பக்கம் குளிர்ந்த நன்னீர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. ஆடி அமாவாசையன்று மட்டும் சும்மா குளிக்க என்று போகாதீர்கள், அது பிதிர்க்கடன் செய்ய வருபவர்களின் நாள்.

காங்கேசன்துறைக்குக் கிழக்கே கரையோரப் பாதை தொடர்ந்து போகாது. பலாலிப் பக்கம் இன்னும் படையினர் வசம் உள்ள காணிகள் இருக்கின்றன. சொந்த வீட்டைப் பார்க்கக் காத்திருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு, அதை மறந்து படம் எடுக்காதீர்கள். தெல்லிப்பழை, அச்சுவேலி என்று உள்ளே இறங்கித் தொண்டைமானாற்றில் மறுபடி கடலைப் பிடியுங்கள். அங்குள்ள சந்நிதி முருகன் கோவிலில் மதியம் அன்னதானம் கிடைக்கும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது வீடு வல்வெட்டித்துறையிலோ பருத்தித்துறையிலோ. இரண்டுக்கும் இடையே கரையோர வீதியில் காலையில் சைக்கிள் விடலாம். வள்ளம் வந்து மீனை ஏலம் கூறி விற்கும் நேரம் அது. வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி நண்டோ கணவாயோ வாங்கிக் கொடுத்தால் மத்தியானம் குழம்பாகிவிடும். தைப்பொங்கலுக்கு வருகிறவர்கள் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவைத் தவறவிட வேண்டாம். பருத்தித்துறை வடை வாங்கினால் கூடுதலாகவே வாங்குங்கள், நாள் கணக்கில் கெடாது. வல்லிபுரக் கோவிலுக்கு ஞாயிறு விசேஷம். அங்கிருந்து மணற்காடு கிட்ட, மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயம் இருக்கிறது. அந்தக் கடலில் மட்டும் இறங்க வேண்டாம், இழுவை பலமானது.

இனி வீட்டு விடுதியைப் பற்றி. "பிள்ளை, காலமை புட்டோ இடியப்பமோ?" என்று முதல் நாள் இரவே கேட்பார்கள். அப்போதே முடிவைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் விடிய எழும்பித்தான் மா அவிக்க வேண்டும். "எதுவும் பரவாயில்லை" என்றால் மூன்று வகை செய்து வைத்துவிட்டு, நீங்கள் மிச்சம் விட்டதைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். பல வீடுகளில் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க மாட்டார்கள். தீவுப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும், அதனால் குடிக்கத் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொள்ளுங்கள், குளிக்கும்போது தண்ணீரை அளவாகப் பாவியுங்கள். அறைக்கு என்ன காசு, சாப்பாடு அதற்குள்ளா என்பதைப் போனிலேயே கதைத்து முடியுங்கள். வந்த பிறகு கேட்டால் "நீங்கள் விரும்பினதைத் தாங்கோ" என்பார்கள், இரண்டு பக்கமும் சங்கடம். கையில் ரூபாய் வைத்திருங்கள், கார்டு எல்லா இடமும் எடுக்க மாட்டார்கள்.

நீங்களே ஓட்டுவதானால் வெளிநாட்டு உரிமம் மட்டும் போதாது. இலங்கையில் செல்லும்படியான தற்காலிக அனுமதியை முதலே எடுங்கள். இல்லாவிட்டால் அந்தந்த ஊர் ஓட்டோக்காரத் தம்பியை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளலாம், அவருக்குத் தெரியாத ஒழுங்கை இருக்காது.

மாதம் என்றால் தை முடிவிலிருந்து பங்குனி வரை நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, தாழ்வான பாதைகளில் வெள்ளம் நிற்கும். சித்திரை, வைகாசியில் வெயில் சுடும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வெளிநாட்டுச் சனம் நிறைந்திருக்கும், அப்போது வருவதென்றால் வீடுகளைப் பல மாதம் முன்பே பேசி வையுங்கள்.