பழைய பியானோ வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

குழந்தைக்காகப் பழைய பியானோ தேடுகிறவர்கள் முதலில் ஏமாறுவது பாலிஷில்தான். வெளியே கண்ணாடி மாதிரி மின்னும், மேல் மூடியைத் தூக்கினால் உள்ளே தந்தியெல்லாம் துரு. அப்படி ஒன்றுக்கு நானே முன்பணம் கொடுக்கப் போய்க் கடைசி நிமிஷத்தில் தப்பித்தேன். அதனால் கையில் ஒரு டார்ச் அவசியம்.

உட்கார்ந்து 88 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் அழுத்துங்கள், வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அமுக்கிய கட்டை உடனே எழுகிறதா, விரலை எடுத்ததும் சத்தம் நிற்கிறதா, எங்காவது கிர்ரென்று அதிர்கிறதா என்று கவனியுங்கள். (வலது கோடியில் சுமார் 20 கட்டைகளுக்குச் சத்தத்தை அடக்கும் டாம்பர் கிடையாது, அங்கே சத்தம் இழுத்தால் அது பழுதல்ல.) ஒட்டிக்கொள்ளும் கட்டை, தேய்ந்த சுத்தியல் ஃபெல்ட் (தந்தியைத் தட்டும் சுத்தியலின் மேல் இருக்கும் கம்பளித் துணி) இதெல்லாம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

பயப்பட வேண்டியது தந்திகளைச் சுற்றி முறுக்கியிருக்கும் முறுக்காணிகளுக்குத்தான். உள்ளே ஏறக்குறைய 230 தந்திகள், எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 டன் விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது ஒரு மரப்பலகையில் இறுக்கமாக இறங்கியிருக்கும் ஆணிகள். பலகை விரிசல் விட்டு ஆணி தளர்ந்துவிட்டால் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் சுருதி நிற்காது, சரிசெய்யும் செலவோ பியானோவின் விலையையே தாண்டிவிடலாம். மொத்தமும் ஒரே சீராகச் சுருதி இறங்கியிருந்தால் பல நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சமீபத்தில் ட்யூன் செய்ததாகச் சொல்லும் பியானோவில் அங்கங்கே சில கட்டைகள் மட்டும் படுமோசமாக விலகியிருந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணால் பார்த்து இதை உறுதிசெய்ய முடியாது, ட்யூன் செய்பவர் (ட்யூனர்) ஆணியில் சாவி போட்டுத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு ட்யூனரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையா, சரி என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சுவரோரம் நிறுத்தும் சாதாரண பியானோவே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். நாலு நண்பர்களைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம், அது தெரிந்த ஆட்களின் வேலை.

வீட்டில் வெயில் நேராக விழாத, ஏசி காற்று அடிக்காத இடமாகப் பாருங்கள். மரம் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும், இரண்டிலும் சுருதி போய்விடும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது. வந்து இறங்கிய அன்றே ட்யூன் செய்யத் துடிக்காதீர்கள், புது அறைக்குப் பழக இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ரொம்ப நாள் கிடந்த பியானோ என்றால் சில மாதங்களில் மறுபடியும் ட்யூன் செய்ய வேண்டிவரும்.

அப்புறம் குழந்தையின் உயரம். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி இருக்கையை ஏற்றுங்கள், கால் அந்தரத்தில் தொங்காமல் கீழே ஒரு மணை போடுங்கள். கட்டைகளின் மேல் வரும் மூடி படாரென்று விழுந்தால் பிஞ்சு விரல் நசுங்கிவிடும், அதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். நடுப் பெடல் இருந்தால் அமுக்கிப் பாருங்கள், பல பியானோக்களில் அது தந்திகளுக்கு முன்னால் ஒரு ஃபெல்ட்டை இறக்கிச் சத்தத்தைக் குறைக்கும். ஒரே பாடத்தை நாற்பதாவது தடவையாகக் கேட்கும்போது அதன் அருமை உங்களுக்கே தெரியும்.