மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு: கீழக்கரை வெயிலுக்கு ஒரு செய்முறை

கீழக்கரையின் பழைய வீடுகளில் கனத்த சுண்ணாம்புச் சுவரும் முற்றமும் பார்த்த வேலையை, எங்கள் கான்கிரீட் வீட்டில் ஏசியிடம் விட்டுவிட்டு மின்கட்டணத்துக்கு அழுதுகொண்டிருந்தோம். அந்தச் சுவர்களைக் கட்டிய பவளக்கல்லுக்கு இனி வழியில்லை. 2001இல் அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சுண்ணாம்பு இன்றும் கிடைக்கிறது. அதை மாடித் தளத்தில் வெள்ளையாக அடித்து வீட்டின் சூட்டைக் குறைக்கும் வழி இது.

முதலில் மாடியைக் கவனியுங்கள். சித்திரை பிறக்கும்போது நம் கரையில் உச்சிவெயில் தலைக்கு நேராக நிற்கிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசிவரை சூரியன் வடக்கே சாய்ந்தே செல்கிறது. வடக்குச் சன்னலுக்கு நிழல் தேவையில்லை என்று கொத்தனார் சொன்னாலும் சன்ஷேடை விட்டுவிடாதீர்கள்.

மாசியிலேயே தளத்தைக் கழுவி, விரிசல்களை அடைத்துவிடுங்கள். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக் கட்டிக்கு ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர். தண்ணீரில்தான் கட்டியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அவசியம். மறுநாள் பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, கொஞ்சம் அரிசிக் கஞ்சி சேருங்கள்.

நான் சறுக்கியது அடுத்த படியில். நண்பகலில், சுடும் தளத்தில், ஒரே பூச்சாகக் கெட்டியாக அடித்தேன். மறுநாள் நடந்தபோது உள்ளங்கால் முழுக்க வெள்ளைப் பொடி. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. ஈரம் இருக்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது. ஆகவே வெயில் தாழ்ந்தபின் தளத்தை நனைத்து, தண்ணீர் தேங்காத ஈரத்தில், பால்போல் மெல்லியதாக அடியுங்கள். காலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மாலையில் அடுத்த பூச்சு. மூன்று பூச்சு போதும். ரோலரைவிட நார் மட்டையே எனக்குப் பிடிக்கும். தளத்தின் சொரசொரப்புக்குள் அதுதான் இறங்குகிறது.

பிறகு காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்மேற்குச் சன்னலைத் திறந்தால் மட்டும் போதாது. எதிர்ச்சுவரில், கூரையை ஒட்டி, அது வெளியேறத் திறப்பு வேண்டும். முன்பு முற்றம் அந்த வேலையைச் செய்தது.

பின்சேர்ப்பு: சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளக் கல்லுப்புச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மண்சுவருக்குச் சரி, கான்கிரீட் தளத்துக்கு வேண்டாம், உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கக் கடற்காற்றே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு மெலியும். அடுத்த மாசியில் ஒரு பூச்சு அடித்துக்கொள்ளுங்கள்.