மெல்லிசைக் குழுவுக்குக் கச்சேரி பிடிக்கும் வழி

புதிதாக மெல்லிசைக் குழு தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாட்டைக் கேட்கப் போகிறவர்களை மனத்தில் வைத்தே விளம்பரம் செய்கிறார்கள். பணம் கொடுப்பவரோ வேறு ஆள். திருமண வரவேற்பென்றால் பெண்ணின் தந்தை அல்லது மாப்பிள்ளையின் அண்ணன். கோயில் திருவிழாவென்றால் விழாக் கமிட்டியின் பொருளாளர். உங்கள் கீபோர்டு கலைஞரின் விரல் வேகம் அவர்களுக்குப் பொருட்டில்லை. சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து இறங்குமா, பேசிய பாடகிதான் வருவாரா, நாலு பேர் முன்னால் மானம் போகாமல் நிகழ்ச்சி முடியுமா என்பவையே அவர்களுடைய கவலைகள். உங்கள் விளம்பரம் இவற்றுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முதலில் வேண்டியது மேடையில் எடுத்த வீடியோ. ஸ்டுடியோவில் பதிவுசெய்துவிட்டு வாயசைத்த காட்சியை யாரும் நம்புவதில்லை. பழைய மெலடி ஒன்று, டூயட் ஒன்று, குத்துப்பாட்டு ஒன்று என இரண்டு நிமிடத் துண்டுகள் மூன்று போதும். ஒலியை மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்தால் தெளிவாக இருக்கும். ஆனால் கூட்டத்தின் கைதட்டல் அதில் விழாது என்பதால், கைப்பேசியில் பதிவான அரங்க ஒலியையும் சிறிது கலந்துகொள்ளுங்கள். திரைப்படப் பாடலை யூடியூபில் ஏற்றும்போது உரிமையாளர் உரிமை கோரினால் விளம்பர வருமானம் அவருக்கே போகலாம். ஆகவே அந்த வீடியோவை விசிட்டிங் கார்டாக மட்டும் கருதுங்கள். கூகுள் மேப்பில் ஊர்ப் பெயருடன் குழுவைப் பதிந்து, கச்சேரி நன்றாக நடந்த வீட்டாரிடம் ஒரு வாரத்துக்குள் இரண்டு வரி கருத்து எழுதச் சொல்லுங்கள். அதற்குமேல் நாள் கடந்தால் எழுத மாட்டார்கள்.

என் கணிப்பில், இணையத்தைவிட அதிகமான கச்சேரிகள் மண்டபத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. திருமணம் நிச்சயமானதும் குடும்பத்தார் முதலில் பேசுவது மண்டப மேலாளரிடமும் சமையல் கான்ட்ராக்டரிடமும் மேடை அலங்காரக்காரரிடமும்தான். 'பாட்டுக்கு யாராவது தெரியுமா?' என்ற கேள்வி அவர்களிடம்தான் வரும். ஆகவே ஒவ்வொரு கச்சேரியிலும் இவர்களைத் தேடிப் பேசுங்கள்; மண்டபத்தின் மின்சார வசதிக்கு உட்பட்டு நடந்துகொள்ளுங்கள்; தரையில் ஒட்டிய டேப்பை உரித்துவிட்டுக் கிளம்புங்கள். மைக் செட்காரருடன் மட்டும் எக்காரணம் கொண்டும் பகைத்துக்கொள்ளாதீர்கள், ஏனெனில் உள்ளூர்த் திருவிழாக் கமிட்டிகளில் அவருக்குத் தெரியாதவர் இருக்க மாட்டார். கமிஷன் கேட்பவர்களும் உண்டு; கொடுப்பதென்றால் அதைக் கட்டணத்திலேயே கணக்கிட்டுவிடுங்கள், கலைஞர்களின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

காலம் பார்த்து அணுகுவதும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் அரிது; ஆனால் ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாக்களின் காலம். மண்டபத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள் என்பதால், தையில் வரும் முகூர்த்தங்களுக்குத் தையில் போய் நின்று பயனில்லை. கமிட்டிகளைக் கொடியேற்றத்துக்கு வெகு முன்பே, நோட்டீஸ் அச்சாவதற்குள் பார்த்துவிட வேண்டும். அங்கே பக்திப் பாடல்களில் தொடங்கும் பட்டியலும், வரவேற்புக்குச் சோகப் பாட்டு ஒன்றுகூட இல்லாத பட்டியலும் தனித்தனியே தயாராக இருக்கட்டும்.

கட்டணத்தைச் சொல்லும்போது கலைஞர்களின் சம்பளம், ஒலி அமைப்பு, வண்டி, ஒத்திகை ஆகியவற்றைக் கூட்டிய பிறகே வாயைத் திறக்க வேண்டும். முன்பணம் வாங்காமல் தேதியை ஒதுக்காதீர்கள். நேரத்தைப் பற்றி எழுத்தில் தெளிவாக இருப்பது அவசியம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அரசு அறிவிக்கும் சில விழா நாள்களில் மட்டும், ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை தளர்வு உண்டு. மணமக்கள் மேடைக்கு வரத் தாமதமாகி எட்டரைக்குக் கச்சேரி தொடங்கினால், பேசிய மூன்று மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவது? எனவே குழு தயாராக நிற்கும் நேரத்திலிருந்தே கணக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உண்மையான மதச் சடங்குகளுக்கும் அவற்றோடு சேர்த்துத் திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் பாட்டுக்கு உரிமம் வாங்குவதிலிருந்து விலக்கு அளிக்கிறது; டிசம்பர் 31 இரவில் நுழைவுச்சீட்டு விற்று ஹோட்டல் நடத்தும் நிகழ்ச்சி அப்படியல்ல. அங்கே உரிமம் வாங்குவது ஹோட்டலின் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

மீதித் தொகையை இடைவேளையிலேயே வாங்கிவிட வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்தபின் பெண்ணின் தந்தையைத் தேடினால், அவர் கடைசிப் பந்தியில் சாம்பார் போதவில்லை என்று சமையல்காரரோடு பேசிக்கொண்டிருப்பார்.