சந்தையில் கடை போடுகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

அரசாங்கக் கடிதங்களில் 2007லிருந்து எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். வாயில் வருவது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கே தென்னமரம் எஸ்டேட்டில்தான் தொடங்கியது. அந்தத் தோட்டங்களை விட்டு டவுனுக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது சந்தை. ஒரு தோசைக்கல், ஒரு வடைச் சட்டி, விடிகாலையில் பிழிந்து அடுக்கிய புட்டு மாயம் (இடியாப்பம்) என்று பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் இங்கே நிறைய.

2021இல் கோல சிலாங்கூர் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. ஒரு வட்டாரம் வளர வளர, கண்டுகொள்ளாமல் விடப்பட்ட அஞ்சடியும் (கடை முன்னால் உள்ள நடைபாதை) சாலையோரமும் கணக்கில் வரும். பழைய கடைகளை இடித்துப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுவார்கள். அந்த நேரத்தில் அடிபடுகிறவர்கள் சமையலில் குறை வைத்தவர்கள் இல்லை. பத்திரத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான்.

எங்கள் குடும்பத்திலேயே அது நடந்தது. வேறொரு எஸ்டேட் டவுனில் என் பெரியம்மா 17 வருஷம் புட்டு மாயம் விற்றார். லைசன்ஸ் பெரியப்பா பேரில். பெரியப்பா தவறிய பிறகும் பெரியம்மா ஒவ்வோர் ஆண்டும் கவுண்டரில் பணம் கட்டி, அவர் பேரிலேயே புதுப்பித்து வந்தார். ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பழைய சந்தையை இடிக்கப் போகிறோம், லைசன்ஸ்காரர் நேரில் வந்து புதுக் கட்டடத்தில் இடம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அறிவிப்பு வந்தது. பெரியம்மா மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்த ரசீதுகளை எல்லாம் மேசைமேல் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் இறந்துபோனவர் பெயர். புது மனு போட்டு, வரிசையில் கடைசி ஆளாக நின்று, எட்டு மாதம் வீட்டு வாசலில் வைத்து விற்றார். பிழை எங்களுடையது. மரணச் சான்றிதழோடு அந்த வாரமே போயிருந்தால் இது வந்திருக்காது.

லைசன்ஸ் ஆளுக்குத்தான், கடைக்கு இல்லை. இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். வீடு மாதிரி அது பிள்ளைக்குத் தானாகப் போகாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107ஆம் பிரிவு லைசன்ஸை அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான் கொடுக்கச் சொல்கிறது. காரணம் சொல்லாமலே மன்றம் அதை ரத்து செய்யலாம், அதற்கு நஷ்டஈடும் கிடையாது. படிக்கவே மனசு கனக்கிறது. ஆனால் “இருபது வருஷமா இங்கதான் கடை, யாரு என்னை அசைக்க முடியும்” என்று நம்பி இருக்கிறவர்களுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும். பழகிய இடம் உரிமையாகிவிடாது.

லைசன்ஸை மாத வாடகைக்கு வெளியாளுக்கு விடுவதும் இதே குழியில் கொண்டுபோய்த் தள்ளும். சில நூறு வெள்ளி (ரிங்கிட்) வருகிறதே என்று விடுவார்கள். பிடிபட்டால் லைசன்ஸ் போகும். வாடகைக்கு எடுத்தவருக்கோ பேர் சொல்ல ஒரு காகிதம்கூட இருக்காது. சிறு வியாபாரிகளுக்குக் கடன் தருகிற அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில், இந்தியர்களுக்கான ஸ்புமி கடனுக்குப் போய் நின்றால், வியாபாரம் தன்னுடையது என்று காட்ட அவரிடம் என்ன இருக்கும்?

அடுத்தது, “அதான் லைசன்ஸ் இருக்கே” என்ற நினைப்பு. மன்றத்தின் லைசன்ஸ் கடை போடத்தான். சாப்பாட்டுச் சுத்தம் சுகாதார அமைச்சின் பொறுப்பு. விலையும் தராசும் உள்நாட்டு வாணிப அமைச்சின் கையில். ஒருவர் கொடுத்த தாளை மற்றவரிடம் நீட்டினால் செல்லாது.

2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, சமைக்கிற, பரிமாறுகிற ஒவ்வொருவரும் உணவு கையாளும் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், டைபாய்ட் ஊசியும் போட்டிருக்க வேண்டும். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. முதலாளி அம்மா ஊசி போட்டிருப்பார். சனி, ஞாயிறு உதவிக்கு வருகிற தங்கச்சி மகள் போட்டிருக்க மாட்டாள். சோதனைக்கு வருகிறவர் தட்டைத் தொடுகிற எல்லார் கையையும் பார்ப்பார். சொந்தக்காரப் பெண், சம்பளம் இல்லை என்ற பேச்செல்லாம் எடுபடாது. இந்த ஊசி மூன்று ஆண்டுக்குத்தான் தாங்கும். போட்ட தேதியைக் கார்டில் பார்த்து, சமையலறை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். இடமே அசுத்தமாக இருந்தால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் 14 நாள் வரை கடையை மூடச் சொல்லலாம். தினம் சம்பாதித்துத் தினம் சாப்பிடுகிற வீட்டுக்கு 14 நாள் என்பது ஒரு மாத வாடகை.

நிலத்தைப் பற்றியும் விசாரிக்க மறந்துவிடுகிறோம். சாலையோரம் காலி இடம், பக்கத்தில் கோயில், நிழலுக்கு மரம். நாலு தூண் நட்டு, தகரம் போட்டுவிடுகிறோம். அந்த இடம் எஸ்டேட்டுடையதா, மாநில அரசுடையதா, சாலை ஒதுக்கீடா? வியாபார லைசன்ஸ் அதைச் சொல்லாது. அரசு நிலமாக இருந்தால் நில அலுவலகத்தில், நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்துவதற்கான உரிமம் (TOL) எடுக்க வேண்டும். எந்த மாதம் எடுத்தாலும் அது அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். நவம்பரில் கடன் வாங்கிச் சிமெண்ட் தரை போடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். எஸ்டேட் நிலமாக இருந்தால், பழைய மேனேஜர் வாயால் சொன்ன சம்மதம் தோட்டம் கை மாறும் அன்றே காற்றோடு போகும்.

சின்னதாகத் தெரிந்து பர்சைக் காலி செய்கிறவையும் உண்டு. விலைப் பட்டியல் தொங்கவிடாதது, வருஷ முத்திரை குத்தாத தராசு. சிலாங்கூரில் 2017லிருந்து போலிஸ்திரின் டப்பாவில் சாப்பாடு கட்டித் தரக்கூடாது. 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கவும் கூடாது. மேசையில் பழைய ஆஷ்ட்ரே கிடந்தால் எடுத்துவிடுங்கள். பேனரில் அழகுக்காக ஹலால் என்று அச்சடிக்காதீர்கள், முறையான சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் போடுவது குற்றம். வடை சுட்ட எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். இரண்டு வாரத்தில் அது வெள்ளைக் கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளும், மழை பெய்த அன்று தண்ணீர் உங்கள் கடைக்குள்தான் வரும். பழைய எண்ணெயைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு டின்னில் சேர்த்து வைத்தாலே போதும்.

அமலாக்க அதிகாரிகள் வந்து நிற்கும்போது பதறிப் பேசுவது இன்னொரு தவறு. சத்தம் போட்டால் விஷயம் வேறு பக்கம் போகும். அழுதுகொண்டே கையில் காசைத் திணிக்கப் பார்த்தால் அது லஞ்சம், தனிக் குற்றம். அதிகாரக் கார்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று கம்பவுண்டில் (அபராத நோட்டீஸில்) படித்துப் பாருங்கள். பொருளை எடுத்துப் போனால் மேசை எத்தனை, கேஸ் தோம்பு எத்தனை என்று பட்டியல் வாங்குங்கள். பட்டியல் இல்லாமல் போனால் திரும்பக் கேட்க வழி இல்லை. கம்பவுண்ட் குறைப்புச் சலுகை வரும் என்று காத்திருந்து, அதற்குள் லைசன்ஸ் புதுப்பிக்கப் போனால் பழைய பாக்கி பெரும்பாலும் அங்கே முன்னால் வந்து நிற்கும்.

மலாயில் வருகிற கடிதத்தைப் படிக்காமல் அலமாரியில் போட்டு வைப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். “ஐயா, மகன் லீவுக்கு வரட்டும், படிக்கச் சொல்றேன்” என்பார்கள். மகன் வருவதற்குள் கெடு முடிந்திருக்கும். தீபாவளிச் சந்தைக்கும் இதே கதைதான். இடத்துக்கான மனு முன்கூட்டியே திறந்து மூடிவிடும், நம் ஆட்கள் முறுக்கு மாவு அரைக்கிற வாரத்தில் போய் நிற்பார்கள். பிறகு இடைத்தரகரிடம் கூடுதல் காசுக்கு இடம் வாங்குவார்கள், அந்த ரசீதிலும் வேறொருவர் பெயர்தான் இருக்கும். சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர்கள் இருக்கிறார்கள். கம்பவுண்ட் வந்த பிறகு அவர்களைத் தேடி ஓடாமல், கடிதம் வந்த அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். மன்ற உறுப்பினரையும் போய்ப் பாருங்கள். சந்தையை மாற்றுகிற பேச்சு காதில் விழுந்தவுடனே பத்துப் பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்: எங்கே மாற்றுகிறீர்கள், எப்போது, வாடகை எவ்வளவு, தண்ணீர் இருக்கிறதா?

பெரியம்மாவுக்கு இப்போது புதுக் கட்டடத்தில் ஓரத்துக் கடை. லைசன்ஸ் அவர் பேரில். உதவியாளர் என்ற இடத்தில் என் அக்காவின் பேரும் படமும். போன மாதம் போனபோது என்னை உட்கார வைத்துத் தட்டில் தேங்காய்ப் பூவும் நாட்டுச் சர்க்கரையும் அள்ளிப் போட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கார்டைக் கரண்டியால் காட்டினார். “பாருடா, என் பேரு.”