பாம்பன் காற்றில் விளையாட ஒரு தமிழ்ச் சொற்சீட்டு: வடிவமைக்கும் முறை

ஆங்கிலத்தில் எழுத்துச் சீட்டு செய்வது எளிது. 26 எழுத்துதான்; அடிக்கடி வருவதற்குக் கூடுதலாகச் சில சீட்டு போட்டால் கட்டு தயார். அதே கணக்கில் தமிழுக்கு இறங்கினால் முதல் நாளே முட்டிக்கொள்ளும். எழுத்துக்கு ஒன்று என்றாலே 247 சீட்டு. அப்படியும் ‘அக்கக்கா’ என்று எழுத வழியில்லை, ‘க’ வரிசையில் எல்லாம் ஒவ்வொன்றுதானே இருக்கும். ஆகவே சீட்டு முழு எழுத்தாக இருக்கக் கூடாது. எழுத்தின் பாதியாக இருக்க வேண்டும்.

துணைக்கால், கொம்பு, கொக்கிகளைத் தனித்தனிச் சீட்டாக அச்சடிக்கலாமே என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது சரிவராது. உகரத்துக்குத் தனிக்குறி என்று ஒன்று கிடையாது. கு, சு, டு, து என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் முடியும். ‘கொ’ என்றால் கொம்பு முன்னே, கால் பின்னே. குறிக்குப் பதில் உயிரெழுத்தையே அச்சடித்துவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ‘க’ சீட்டின் கீழ்ப்பாதியை மறைத்து ‘உ’ சீட்டை வைத்தால் அது ‘கு’. அதே ‘உ’ சொல்லின் தொடக்கத்தில் தனியாக நின்றால் ‘உப்பு’க்கு ‘உ’.

அடுத்தது புள்ளி. இதற்குத் தனிச் சீட்டு வேண்டாம். சீட்டுக்கட்டில் ராஜா, ராணி இரு முனையிலும் தலையோடு இருப்பதுபோல மெய்ச் சீட்டையும் இருமுனையாகச் செய்யுங்கள். ஒரு முனையில் ‘க’, தலைகீழாகத் திருப்பினால் மறுமுனையில் ‘க்’. நடுவில் ஒரு தடித்த கோடு. மேல்முனையில் இருப்பதுதான் செல்லும். எப்போதும் சீட்டை இறக்கியவர் உட்கார்ந்திருக்கும் பக்கமிருந்தே படிக்க வேண்டும். எதிரே இருப்பவருக்கு ‘க்’ நிமிர்ந்து தெரியும் என்பதால் இந்த விதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் சண்டை இதில்தான். அகரமும் புள்ளியும் இப்படி மெய்ச் சீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், ‘அ’ சீட்டு சொல்லின் முதலெழுத்துக்கு மட்டும் போதும்.

எத்தனை சீட்டு?

விளையாடப் போகிறவர்கள் வாயில் புழங்கும் சொற்களை எடுத்துப் பிரித்து எண்ணுங்கள். கடற்கரைச் சொற்கள் பன்னிரண்டு: கடல், மணல், வலை, அலை, உப்பு, நண்டு, மீன், சங்கு, கருவாடு, நெத்திலி, திருக்கை, தோணி. ‘நெத்திலி’க்கு நான்கு மெய்ச் சீட்டு, மூன்று உயிர்ச் சீட்டு. ‘கடல்’ என்றால் மூன்று மெய். உயிர் ஒன்றுகூட வேண்டாம். பன்னிரண்டுக்கும் சேர்த்து மெய் 33, உயிர் 19. கிட்டத்தட்ட ஏழுக்கு நான்கு. பன்னிரண்டு சொல் சிறிய மாதிரிதான். நூறு சொல்லுக்கு எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது. ஆனால் தொடங்குவதற்கு இது போதும்.

மொத்தம் 108 சீட்டு வைத்துக்கொள்வோம். அச்சுத்தாளில் கச்சிதமாக அமையும் எண் அது. அதைப் பிறகு பார்ப்போம். மெய் 56, உயிர் 32, ‘முத்து’ என்ற ஜோக்கர் 4, செயல் சீட்டு 16.

மெய்: க 6, த, ம தலா 5, ட, ப, ர, ல தலா 4, ச, ந, வ, ன தலா 3, ங, ண, ய, ள, ற தலா 2, ஞ, ழ தலா 1.

உயிர்: உ 7, இ 6, ஆ 5, அ, ஐ தலா 3, ஈ, எ தலா 2, ஊ, ஏ, ஒ, ஓ தலா 1.

உகரம் ஏன் ஏழு? வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. கு, சு, டு, து, பு, று என்று உகரம் ஏறித்தான் முடியும். ‘நண்டு’, ‘சங்கு’, ‘உப்பு’ எல்லாம் அந்த வகை. உகரத்தைக் குறைத்தால் கையில் க, ட, த குவிந்துகொண்டே போகும், சொல் மட்டும் முடியாது. ‘ழ’ ஒன்று போதும். தமிழில் ‘ர்’, ‘ழ்’ இரட்டிக்காது; ‘ர’ அடிக்கடி வருவதால் மட்டுமே அதற்கு நான்கு. ‘ள’, ‘ற’ இரண்டையும் ஒன்றாகக் குறைத்துவிடாதீர்கள். ‘வள்ளம்’ கட்டவும் ‘காற்று’ கட்டவும் இரண்டு இரண்டு வேண்டும். ஔ, ஃ இரண்டுக்கும் சீட்டு வேண்டாம்: ‘அவ்வை’ என்று எழுதிக்கொள்ளலாம், ‘எஃகு’ கட்ட நினைப்பவர் முத்தைச் செலவழிக்கட்டும். கிரந்த எழுத்தும் இல்லை.

ஆட்ட விதி

மூன்று முதல் ஐந்து பேர். ஆளுக்கு எட்டுச் சீட்டு. முறை வந்தவர் கட்டிலிருந்து இரண்டு எடுப்பார். இரண்டில் ஒன்றைக் கழிவுக் குவியலின் மேலிருந்தும் எடுக்கலாம். பிறகு விரும்பினால் ஒரு செயல் சீட்டு, முடிந்தால் ஒரு சொல். முறை முடியும்போது கையில் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது; மிஞ்சியதைக் கழிக்க வேண்டும். ஒரு சொல்லுக்குக் குறைந்தது மூன்று சீட்டு.

ஆட்டத்துக்குச் சுவை தருவது அடுத்தவர் சொல்லை நீட்டிப் பறிப்பது. தரையில் இருக்கும் எந்தச் சொல்லிலும் சீட்டு சேர்க்கலாம், மெய்ச் சீட்டைத் தலைகீழாகத் திருப்பலாம். ஒன்றையும் உருவக் கூடாது. ஒருவர் ‘மீன்’ இறக்கியிருக்கிறார். நீங்கள் ‘ன்’ சீட்டைத் திருப்பி ‘ன’ ஆக்கி, ‘வ’, ‘ன்’ சேர்த்தால் ‘மீனவன்’. சொல் முழுவதும் உங்கள் பக்கம் வந்துவிடும். ‘வலை’க்கு முன்னால் ‘கரை’ போட்டால் ‘கரைவலை’. ‘கரை’யை நீட்டினால் ‘கரையோரம்’. ‘உப்பு’வை ‘உப்பளம்’ ஆக்க முடியாது. நடுவில் உள்ளதை உருவ வேண்டிவரும்.

இங்கேதான் தமிழுக்கே உரிய ஓர் ஓட்டை இருக்கிறது. வேற்றுமை உருபை அனுமதித்தால் மீனை, மீனால், மீனுக்கு என்று ஒரே சொல்லை வைத்து எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள். ஆகவே உருபு கூடாது, ‘கள்’ விகுதி கூடாது. வினை என்றால் ஓடு, பிடி, இழு என்ற ஏவல் மட்டும். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் கூடாது. சந்தேகம் வந்தால் அகராதி. எந்த அகராதி என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் மீன்பெயர், வலைப்பெயர், காற்றுப்பெயர் பல எந்த அகராதியிலும் கிடைக்காது. இறக்கியவர் தவிர இன்னும் இருவர் ‘ஆமாம், இருக்கிறது’ என்றால் அது செல்லும். லாஞ்சு, மோட்டார் போன்ற ஆங்கிலச் சொற்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்த வீட்டின் விருப்பம்.

மதிப்பெண்ணுக்கு மாத்திரைக் கணக்கு போடலாமே என்ற ஆசை இலக்கணம் படித்தவர்களுக்கு வரும்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அழகான யோசனைதான். ஆனால் ஆட்டத்தின் நடுவில் அரை அரையாகக் கூட்டுவது தொல்லை. ‘வலை’ வந்ததும், கடைசி ‘ஐ’ ஒரு மாத்திரையாகக் குறையும் ஐகாரக்குறுக்கம் வேறு குறுக்கே வந்து நிற்கும். சீட்டுக்கு ஒரு மதிப்பெண் என்று வையுங்கள். ஞ, ழ, ஊ, ஏ, ஒ, ஓ ஆறுக்கும் மூன்று. முத்துக்குச் சுழியம். கட்டு தீர்ந்ததும் ஆளுக்கு ஒரு முறை. பிறகு ஒவ்வொருவரும் இறக்கிய சொற்களைக் கூட்டி, கையில் தங்கிய எழுத்துக்கு ஒன்றும் செயல் சீட்டுக்கு இரண்டும் கழிக்க வேண்டும். இந்த இரண்டைக் கழிக்காவிட்டால் செயல் சீட்டைக் கடைசிவரை பதுக்கி வைப்பார்கள்.

செயல் சீட்டுகள்

108-இல் 16 என்றால் எட்டுச் சீட்டுக் கையில் சராசரியாக ஒன்று வரும். அதுதான் அளவு. இருபத்தைந்துக்கு மேல் போனால் சொல் கட்ட எழுத்து இல்லாமல் ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் தடுப்பதிலேயே ஆட்டம் கழியும். பெயரை இந்தக் கரையிலிருந்தே எடுத்தால் விதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தூக்குப்பாலம் (3): அடுத்தவர் தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். பாம்பனில் பாலம் தூக்கினால் ரயில் காத்திருக்கிறதே, அதேதான்.

தூண்டில் (3): ஒருவர் கையிலிருந்து பார்க்காமல் ஒரு சீட்டு உருவலாம்.

வலை (3): கட்டிலிருந்து நான்கு எடுத்து, இரண்டை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டைக் கட்டின் அடியில் செருக வேண்டும்.

கச்சான் (2): இந்தக் கரையில் வீசும் காற்றின் பெயர். எல்லாரும் தங்களுக்கு வேண்டாத ஒரு சீட்டை ஒரே நேரத்தில் வலப்பக்கம் தள்ள வேண்டும்.

நங்கூரம் (2): உங்கள் சொல் ஒன்றின்மேல் வைத்தால் அதை யாரும் நீட்டிப் பறிக்க முடியாது.

சங்கு (3): உங்கள்மேல் போட்ட தூண்டிலையோ தூக்குப்பாலத்தையோ உடனே செல்லாமல் ஆக்கும். உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கச்சானும் வலையும்தான் இதில் நல்ல சீட்டு. யாருக்கும் நட்டமில்லாமல் தேங்கிய கையைக் கலைத்துவிடும். தூக்குப்பாலத்தை மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். இரண்டு பேர் மட்டும் ஆடுவதானால் அதையும் கச்சானையும் எடுத்துவிடுங்கள். இருவர் ஆட்டத்தில் தூக்குப்பாலம் என்றால் போட்டவருக்கே மறுபடி முறை வரும், கச்சான் வெறும் பண்டமாற்று ஆகிவிடும். ‘கையில் உள்ளதெல்லாம் இழக்க வேண்டும்’ வகைச் சீட்டு வேண்டவே வேண்டாம். கட்டிக்கொண்டிருந்த சொல்லை இழந்த பிள்ளை அடுத்த ஆட்டத்துக்கு உட்காராது.

அச்சுக்கு முன்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் எழுதி, பத்து ஆட்டமாவது ஆடிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், மே மாதம் பிள்ளைகளுக்கும் விடுமுறை. ஆள் பஞ்சம் வராது. கவனிக்க வேண்டியது இரண்டுதான். ஒன்று, ஒருவர் தொடர்ந்து மூன்று முறை சொல் இறக்காமல் போகிறாரா? போனால் அவர் கையைப் பாருங்கள். மெய்யாகக் குவிந்திருந்தால் உ, இ தலா ஒன்று கூட்டுங்கள். உயிராகக் குவிந்திருந்தால் ‘அ’வைக் குறையுங்கள், சொல்லின் நடுவே அது உதவாது. இரண்டு, நேரம். நால்வர் ஆடினால் பங்கிட்ட 32 போக 76 சீட்டு. முறைக்கு இரண்டாக ஆளுக்கு ஒன்பது முறைக்கு மேல் வரும். முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் யோசிப்பதற்கு மணல் கடிகாரமோ கைபேசியோ வைத்து ஒரு நிமிடம் என்று கட்டுப்படுத்துங்கள்.

அச்சும் அட்டையும்

சீட்டு 63 × 88 மி.மீ. எழுத்தின் உயரம் சுமார் 20 மி.மீ. இருக்கட்டும், புள்ளி 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சின்னப் புள்ளி அச்சில் தேய்ந்து ‘க்’கும் ‘க’வும் ஒன்றாகிவிடும். எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு தூரத்திலிருந்து தெரிகிற எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மெய் கறுப்பு, உயிர் சிவப்பு, செயல் நீலம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக உயிர்ச் சீட்டுக்கு இரட்டைக் கரைக்கோடும் போடுங்கள்.

12 × 18 அங்குலத் தாளில் ஒரு வரிசைக்கு ஆறாக மூன்று வரிசை, வெட்டு இடம் விட்டு 18 சீட்டு. ஆறு தாளில் 108. கோப்பை பிடிஎஃப் ஆக்கி, எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிக் கொடுங்கள். பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக் குறியீடுகள் புழங்குகின்றன. அப்படியே கொடுத்தால் திரையில் தமிழ் கோணல்மாணலாகி, கொம்பு ஒருபக்கம் எழுத்து ஒருபக்கம் போகும். பின்பக்கத்துக்குக் கரை வைத்த சித்திரம் வேண்டாம். வெட்டு ஒரு மி.மீ. நகர்ந்தாலும் கரையின் அகலத்தை வைத்தே சீட்டை அடையாளம் கண்டுவிடலாம். விளிம்புவரை ஓடுகிற அலைக்கோடோ வலைக்கண்ணோ பாதுகாப்பு. சில கட்டுகளுக்கு டிஜிட்டல் அச்சு போதும். ஆயிரம் கட்டு என்றால் சிவகாசிக்குப் போய் ஆப்செட்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் போர்டு, இருபக்கமும் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன். ஒரு பக்கம் மட்டும் போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ராமேசுவரம், மண்டபம் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். லேமினேஷன் இல்லாத பக்கம் ஈரத்தை இழுத்து விரியும், மூடிய பக்கம் விரியாது, சீட்டு வளைந்துவிடும். பளபளப்பு வகையில் ஈரச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். இரவு விளக்கில் கண்ணும் கூசும். முனையை 3 மி.மீ. வளைத்து வெட்டுங்கள், கூர்முனைதான் முதலில் பிரியும். கடற்கரையிலேயே ஆடுவதானால், சுற்றிலும் 2 மி.மீ. ஒட்டுவிளிம்பு விட்ட பவுச் லேமினேஷன் ஈரத்தை முழுக்கத் தடுக்கும். ஆனால் கலைக்கக் கடினம், விளிம்பும் கையைக் கிழிக்கும். வீட்டுக்கு அது வேண்டாம்.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் எந்த அட்டையும் நிற்காது. மரச் சட்டத்தில் 2 மி.மீ. அகலத்துக்கு இழைத்த பள்ளம் கையில் உள்ள சீட்டுகளை நிறுத்திவைக்கும்; தரையில் இறக்கிய சொல்லின் இருமுனையிலும் பழைய வலையின் ஈயக்குண்டு ஒவ்வொன்று வைக்கலாம். பிள்ளைகள் ஆடும் இடத்தில் ஈயம் வேண்டாம், கூழாங்கல் போதும்.

108 சீட்டும் அடுக்கினால் சுமார் 4 செ.மீ. உயரம். மூடியுள்ள பனையோலைக் கொட்டான் ஒன்றை அந்த அளவுக்கு, எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. தாராளமாக முடையச் சொல்லுங்கள். விளையாடியதும் உப்புப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி உள்ளே வையுங்கள். ஒட்டத் தொடங்கினால் ஒரு சிட்டிகை முகப்பவுடர் தூவிக் கலைத்து, மிச்சத்தைத் தட்டிவிட்டால் போதும்.