பழைய சொகுசு எஸ்யூவி வாங்கும்போது டயரைப் படியுங்கள்

பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ்3 போன்ற வண்டிக்கு விலை பேசும் முன், நான்கு டயர்களின் பக்கவாட்டிலும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உட்பக்கம் இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் சங்கடப்பட்டால் படட்டும்.

2021 மாடல், 18,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார். டயர்களோ 2024இல் தயாரானவை. அவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு டயர் மாற்றுவானேன்? மீட்டரைச் சந்தேகிக்க இது போதும். இரண்டு புதிது, இரண்டு தேய்ந்தது என்றால் இன்னும் கவனம். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் எக்ஸ்டிரைவ் வண்டியில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் உழைத்துத் தேயும். அதைப் பழுதுபார்க்கும் செலவுக்கு முன் டயர் விலை ஒன்றுமேயில்லை.

இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் எக்ஸ்1 எஸ்டிரைவ் வகைக்கு இந்த இரண்டாவது கவலை கிடையாது. ஒற்றை டயர் மட்டும் புதிதென்றால் அது வெடித்து மாற்றியதாகவும் இருக்கலாம். மீட்டரைப் பற்றிய முடிவுக்கு சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள்.