எஸ்த்ரகோன் வளர்க்க விதை வேண்டாம்

தோட்டக் கடையில் எஸ்த்ரகோன் (ஆங்கிலத்தில் டாரகன்) என்ற வாசனை இலைச் செடியின் விதைப் பொட்டலம் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். பிரெஞ்சுச் சமையலுக்கு உரிய வகை முளைக்கும் விதை தருவதில்லை. பொட்டலத்தில் இருப்பது ரஷ்ய வகை. தளதளவென்று வளரும், மணம்தான் இருக்காது. நாற்றாகவே வாங்குங்கள். ஓர் இலையை மென்று பாருங்கள்: சோம்பு வாசமும் நாக்கில் லேசான மரமரப்பும் தெரிந்தால் அதுதான் அசல்.

வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். பாரிஸ் புறநகரில் எங்கள் தோட்டம் களிமண். அதனால் மணல் கலந்து, மேடாக்கி நடுகிறேன். குளிரைவிடக் குளிர்கால ஈரம்தான் இதன் வேருக்கு எமன். நவம்பரில் தண்டெல்லாம் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். சருகு போட்டு மூடுங்கள், வசந்தத்தில் துளிர்க்கும்.

மூன்று, நான்கு ஆண்டுகளில் செடி சோர்ந்துபோகும். அப்போது துளிர் எழுந்ததும் தோண்டிப் பாருங்கள். வெளிறிய வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கத்தி வேண்டாம், கையாலேயே பிரிக்கலாம். துளிர் உள்ள துண்டுகளை 40 செ.மீ. இடைவெளியில் புதிய இடத்தில் நடுங்கள். அண்டை வீட்டாருக்கும் கொடுக்க மிஞ்சும்.

ஜூனில் இலை மிக நன்றாக இருக்கும். கிரீம் சேர்த்த கோழிக்கு இதைவிடப் பொருத்தமான வாசனை இலை எனக்குத் தெரியாது. அடுப்பை அணைக்கும்போது நறுக்கித் தூவுங்கள். உலர்த்தினால் மணம் போய்விடும். பனிக்காலத்துக்கு வேண்டுமானால் சில தண்டுகளை வெள்ளை ஒயின் வினிகரில் முழுவதும் மூழ்கும்படி போட்டு, இரண்டு வாரம் கழித்து வடிகட்டி வையுங்கள்.